ஹெட்போனுக்குள் ஒரு கேள்வி

ரெக்கார்டிங் தொடங்குவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்பார். ஒன்றே ஒன்று. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் நிற்பவரின் ஹெட்போனுக்குள் மட்டும் விழும்படி, மேசை மைக்கை உதட்டருகே இழுத்து, தாழ்ந்த குரலில் கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். உடனே பட்டனை அழுத்திவிடுவார். பதில் பாட்டாகத்தான் வர வேண்டும்.

அந்தக் கேள்வி இரண்டு பேருக்குத்தான் கேட்கும். ஒருவர் கேட்கப்பட்டவர். இன்னொருவர் நான். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலி அளவைக் கவனிப்பது என் வேலை. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் அப்படிப் போயின. கேட்ட கேள்விகளில் சிலவற்றை எழுதலாம், சிலவற்றை எழுதக் கூடாது.

ரியாஸிடம் கேட்டதை எழுதலாம். ரியாஸே அதைப் பாதி ஊருக்குச் சொல்லியாயிற்று. காதர்பேட்டையில் தன் அப்பாவின் நூல் வியாபாரத்தைப் பார்ப்பவர் ரியாஸ். பேஸ் கிடார் வாசிப்பார். அன்று காலையிலிருந்து ஆறு முறை வாசித்துவிட்டார். ஆறும் பிசகில்லாமல் இருந்தன.

"சுத்தமாத்தான் இருக்குதுங்க ரியாஸு. ஆளைத்தான் காணோம்" என்றார் இவர். இது அவர் வழக்கமாகச் சொல்வது. சொல்லிவிட்டு மைக்கை இழுத்தார்.

"ஏனுங்க ரியாஸு, உங்க அத்தா இன்னமும் உங்ககூடப் பேசறதில்லீங்களா?"

ரியாஸ் கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்தார். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. ஏழாவது முறை வாசித்ததுதான் ஆல்பத்தில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வந்த கிடார்காரர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு, யாரோ பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதுபோல இருக்கிறது என்றார். எல்லோரும் ரியாஸின் முதுகில் தட்டினோம். அன்று பரோட்டா ரியாஸின் உபயம்.

அடுத்த மாதமே அவர் கிடாரை விற்றுவிட்டார். ஏன் என்று கேட்டேன். "நேரமில்லீங்க. நூல் கணக்கே தலைக்கு மேல இருக்குது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் படித்தது டெக்ஸ்டைல் டெக்னாலஜி. ஊர் குண்டடம் பக்கம். திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அவரைச் சந்தித்ததே துணியால்தான். ஸ்டுடியோ சுவர்களில் எதிரொலியை அடக்கக் கனமான துணி வேண்டுமென்று எங்கள் கம்பெனிக்குப் போன் செய்திருந்தார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வேண்டாமென்று திருப்பிய ஃப்ளீஸ் என்ற கனத்த துணி குடோனில் கிடந்தது. ஏற்றி அனுப்பியதோடு, சுவருக்கும் துணிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விட வேண்டும், எத்தனை மடிப்பு வேண்டும் என்று சொல்ல நானும் போனேன்.

அது அவருடைய அப்பாவின் நிட்டிங் யூனிட்டாக இருந்த கட்டடம். மெஷின்களை விற்றுவிட்டார்கள், தரையில் போல்ட் ஓட்டைகள் மட்டும் வட்டம் வட்டமாக இருந்தன. அந்த வட்டங்களில் ஒன்றுக்குள் டிரம்ஸ் இருந்தது. அவர் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். நாற்பதைத் தாண்டியிருப்பார். துணியைப் பிரித்துக் காட்டினேன். குறுக்கே மெல்லிய கோடு ஒன்று ஓடியிருந்தது; அதனால்தான் அந்த லாட் ரிஜெக்ட் ஆனது. அவர் அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனார்.

"இது எப்படிங்க அம்மணி வந்துச்சு?"

ஒரு கோன் நூல் மட்டும் வேறு லாட்டிலிருந்து கலந்திருக்கலாம் என்றேன். அல்லது ஒரு ஊசி தேய்ந்திருக்கலாம். அவர் தலையாட்டிக் கேட்டார். துணியின் எடை, விலை, நிறம் எதையும் கேட்கவில்லை. பழுது எங்கே ஆரம்பித்தது என்று மட்டும் மூன்று விதமாகக் கேட்டார். என்னுடைய வேலையே அதுதான் என்பதால், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடுத்த ஞாயிறும் போனேன்; ஒலி அளவு பார்க்க அவரே கற்றுக்கொடுத்தார்.

அவருடைய கதையை வரிசையாக அவர் சொன்னதில்லை. துண்டு துண்டாகச் சேர்த்ததைச் சொல்கிறேன். கோயம்புத்தூரில் கல்லூரி நாட்களில் நான்கு பேராக ஒரு ராக் குழு. சினிமாவுக்குப் போகக் கூடாது, சொந்தப் பாட்டுத்தான் என்று பிடிவாதம். பெங்களூர், கொச்சி, சென்னை என்று வேனில் சுற்றியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆல்பம். அதில் அவர் பாடிய ஒரு பாட்டு இன்றைக்கும் இன்ஜினியரிங் ஹாஸ்டல்களில் சுற்றுகிறது. குழு கலைந்தபின் திரும்பி வந்து, மற்றவர்களின் பாட்டைத் தயாரிக்க ஆரம்பித்தார். பெரிய ஊர்களில் கண்ணாடி பளபளக்கும் ஸ்டுடியோக்கள் இருக்க, பெங்களூர்க்காரர்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு ரயிலேறித் திருப்பூருக்கு வந்தார்கள். இவரிடம் வந்தால் பாட்டுக்கு உயிர் வருகிறது என்று பேச்சு.

நீங்கள் ஏன் இப்போது பாடுவதில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"பாடியாச்சுங்க அம்மணி" என்றார். கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்து ஆணியில் மாட்டினார்.

நல்லவராகத்தான் இருந்தார். இதையும் எழுதாவிட்டால் அது பொய்யாகிவிடும். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. "அவசரமில்லீங்க" என்பார். பக்கத்து யூனிட்டில் வேலை செய்த ஜார்க்கண்ட்காரர் ஒருவர் டோலக் வாசிப்பார் என்று தெரிந்ததும், அவருடைய ஷிப்ட் முடியும்வரை மூன்று மணி நேரம் எல்லோரையும் உட்கார வைத்தார். டீ அவர் கையால் போடுவார். யாருக்குச் சர்க்கரை வேண்டாம், யாருக்கு இஞ்சி ஆகாது என்பதெல்லாம் ஒருமுறை கேட்டால் போதும், மறக்க மாட்டார். டீ குடிக்கும் நேரத்தில் அவர் பேசுவது குறைவு. மற்றவர்கள் பேசுவார்கள். வீட்டுச் சண்டை, நின்றுபோன கல்யாணம், அரியர் வைத்த கதை. எதையும் மறக்காத மனிதர் முன்னால் இவ்வளவு பேசுகிறோமே என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

நான் அங்கே கொண்டுபோன ஒரே புதிய பழக்கம் ஒரு தாள். வெளிநாட்டு பையர் சட்டைக்கு ஆர்டர் கொடுத்தால் கூடவே டெக் பேக் என்று ஒரு கட்டுத் தாள் வரும். அளவு, துணி எடை, தையல் வகை எல்லாம் அதில் இருக்கும். செய்யக் கூடாதவையும் இருக்கும்: பிளீச் வேண்டாம், முறுக்கிப் பிழிய வேண்டாம். ஸ்டுடியோவில் எல்லாமே வாய்ப் பேச்சாக நடப்பதைப் பார்த்து எனக்குக் கை துறுதுறுத்தது. பாட வருகிறவர்களுக்கும் வாசிக்க வருகிறவர்களுக்கும் ஆளுக்கொரு தாள் போட்டேன். குரல் எதுவரை ஏறும், மூச்சு எங்கே வாங்குவார், எந்த மைக், எவ்வளவு தூரம். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. ஏசிக்கு நேரே நிறுத்த வேண்டாம், டீ குடித்த உடனே பாட முடியாது என்பதுபோல எழுதுவேன்.

அவர் முதல் தாளைக் கையில் வாங்கி, மேலிருந்து பார்க்காமல் நேராகக் கடைசிக் கட்டத்துக்குப் போனார். "அருமைங்க அம்மணி" என்றார்.

அதே பழக்கத்தில்தான் ஒருநாள் ஹார்ட் டிஸ்க்கில் இருந்த பழைய வேலைகளை ஒழுங்குபடுத்தினேன். ஆல்பம், ஆண்டு, பாடியவர், வாசித்தவர் என்று அட்டவணை போட்டபோது ஒன்று தெரிந்தது. அவரோடு ஓர் ஆல்பம் செய்த யாரும் இரண்டாவது செய்யவில்லை. அவரோடு மட்டுமில்லை, வேறு எங்கும் செய்யவில்லை. தெரிந்தவரைக்கும் விசாரித்தேன். ஒருவர் கனடா போய்விட்டார். ஒருத்திக்குக் கல்யாணமாகிவிட்டது. ஒருவருக்குத் தொண்டை சரியில்லை. ரியாஸுக்கு நேரமில்லை. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நம்பும்படி இருந்தது. நானும் ஒவ்வொன்றாகத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் புஷ்பத்தை அழைத்துப் போனேன்.

புஷ்பம் எங்கள் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷன். ஹாஸ்டலில் என் அறைத் தோழி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர். சர்ச் பாடல் குழுவில் வளர்ந்த குரல். துணி துவைக்கும்போது அவள் பாடினால் மாடிப்படியில் பெண்கள் வாளியோடு நின்றுவிடுவார்கள். அவளுடைய தம்பி இரண்டு வருடத்துக்கு முன் காற்று நாளில் கடலுக்குப் போனவன். படகு கவிழ்ந்து கரைக்கு வந்தது. கூடப் போன இருவரின் உடல் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. வேறு கரையில் ஏறியிருப்பான், எங்கோ ஜெயிலில் இருப்பான், வருவான் என்று அவளும் அம்மாவும் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் சொல்லியும் இறந்தவர்களுக்கான பூசையை அவன் பெயருக்கு வைக்க விடவில்லை. கம்பெனியில் யாராவது கேட்டால், "தம்பி வெளியூர்ல கெடக்கான்" என்பாள். அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்து வேனில் ஏறுகிறாள் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே, அவளுடைய தாளில் கடைசிக் கட்டத்தில் கவனமாக எழுதினேன்: ‘கடலுக்குப் போன தம்பி வருவான் என்று காத்திருக்கிறாள். தம்பியைப் பற்றிப் பேச வேண்டாம்.’

அவளைக் கூட்டிப் போவதற்கு முந்தின நாள் ரியாஸ் நூல் சாம்பிளோடு எங்கள் கம்பெனிக்கு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தப் புள்ளயவா?" என்றார்.

"ஏனுங்க, பாடக் கூடாதுங்களா?"

"பாடட்டுங்க. ஹெட்போன ஒரு காதுல மட்டும் மாட்டச் சொல்லுங்க. அந்தக் கேள்வி வாரப்ப இன்னொரு காதாச்சும் தப்பிக்கும்."

சொல்லிவிட்டு, தமாஷ் என்பதுபோலக் கையை அசைத்தார். ஒரு காதைத் திறந்து வைத்தால் ஹெட்போன் சத்தம் கசிந்து மைக்கில் ஏறும். அதனால் நான் புஷ்பத்திடம் சொல்லவில்லை.

ஞாயிறு மதியம் பக்கத்து நிட்டிங் யூனிட் நின்ற பிறகு ஆரம்பித்தோம். கோவைப் பையன்கள் எழுதிய பாட்டு. இரண்டு சரணம், முடிவில் ஒன்றரை நிமிடம் வார்த்தையே கிடையாது, குரலை மட்டும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். புஷ்பம் இரண்டு காதிலும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "ஏட்டி, ஐஸ் பெட்டிக்குள்ள நிக்க மாதிரில்லா இருக்கு" என்று சிரித்தாள். ஐந்து முறை பாடினாள். ஐந்தும் அழகாக இருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

"சுத்தமா இருக்குதுங்க" என்றார் அவர்.

அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். அவர் அதைச் சொல்லவில்லை. மேசை மேல் இருந்த தாளை எடுத்தார். கண் நேராகக் கீழே போனது. விரலை அந்த வரியின் மேல் வைத்து, அன்று துணியின் கோட்டில் இழுத்த அதே மெதுவோடு இழுத்தார்.

"வேண்டாமுங்ணா" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். பயப்படாதீர்கள் என்கிற புன்னகை. பிறகு மைக்கை உதட்டருகே இழுத்தார்.

"கண்ணு, தம்பி வந்துட்டா மொதல்ல எந்தப் பாட்டப் பாடிக் காட்டுவீங்க?"

எவ்வளவு அன்பான கேள்வி! அவன் வருவான் என்று அவளோடு சேர்ந்து நம்புகிற கேள்வி. புஷ்பத்தின் உதடு ஏதோ சொல்லத் திறந்தது. கிடார் ஆரம்பித்துவிட்டது.

சரணங்களை முன்புபோலவே பாடினாள். வார்த்தை முடிந்த இடத்தில் குரல் மேலே ஏற வேண்டும். ஏறியது, பிறகு எங்கேயோ பிடி விட்டுக் கீழே வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன குரல். இனிப் பயனில்லை என்று தெரிந்தபிறகும் நிறுத்தத் தெரியாத குரல். திரையில் ஒலி அளவு சிவப்பைத் தொட்டது. நான் மூன்று டெசிபல் குறைத்தேன்.

இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றியிருக்கலாம், நிறுத்தும் பட்டனை அழுத்தியிருக்கலாம், கண்ணாடியைத் தட்டியிருக்கலாம். கை தானாகப் போய், அந்த அழுகை உடையாமல் சுத்தமாகப் பதிவாகும்படி பார்த்துக்கொண்டது.

புஷ்பம் கதவைத் திறந்து வெளியே வந்தாள். அவரிடம் போகவில்லை. என்னிடம் வந்தாள்.

"அவருக்கு எப்பிடிட்டி தெரியும்?"

தாளைக் கொடுத்தேன். வாசித்தாள்.

"நீயா எழுதுன?"

"பேசக் கூடாதுன்னுதான் புஷ்பம் எழுதினேன்."

"அதுக்கு எழுதாம இருந்திருக்கலாம்லா."

பிறகு அவரிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, அத அழிச்சிருங்க."

அவர் கோபப்படவில்லை. "அழிச்சிரலாமுங்க கண்ணு. உங்க பாட்டு, உங்க முடிவு. ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். அவர் வழி அது. எதையும் அவராக முடிவு செய்ய மாட்டார். முடிவை எதிராளியின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பணிவாக நிற்பார்.

பாட்டை ஓட விட்டார். புஷ்பம் நின்றபடியே கேட்டாள். கடைசி ஒன்றரை நிமிடம் வந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முடிந்தது.

"இது தம்பி வருவான்னு இருக்கவ பாட்டு இல்லட்டி" என்றாள் என்னிடம். "அவன் செத்துட்டாம்னுல்லா பாடிருக்கேன்."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. நடிக்கவில்லை. இரண்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வித்தியாசம் தெரியும். அவரைப் பற்றி நினைக்கும்போது எனக்கு மிகவும் பயம் தருவது அந்தக் கண்ணீர்தான்.

"அழிச்சிரட்டுங்களா கண்ணு?"

"வேண்டாம். எம் போனுக்கு அனுப்புங்க. எங்கம்மைக்குப் போட்டுக் காட்டணும். வாயால என்னால சொல்ல முடியாது."

அவரே அனுப்பினார். நானும் அவளோடு கிளம்பினேன்.

சாயங்காலம் ஹாஸ்டல் அறையிலிருந்து அம்மாவைப் போனில் கூப்பிட்டாள். ஒரு பாட்டு போடுகிறேன், கடைசிவரை கேளும்மா என்றாள். போனை ஸ்பீக்கரில் வைத்து, எனக்கு அனுப்பியிருந்த பாட்டை என் போனில் ஓட விட்டாள். எதிர்முனையில் யாரோ இருக்கிறார்கள் என்பதற்கு மூச்சு மட்டும் கேட்டது. பாட்டு முடிந்தது. புஷ்பம் கண்ணை மூடிக் காத்திருந்தாள்.

"நீயாட்டி பாடுன? நல்லாருக்கே!" என்றார் அம்மா. "எடுத்து வச்சிக்க. தம்பி வந்ததும் அவனுக்கும் போட்டுக் காட்டணும், என்ன?"

புஷ்பம் என்னைப் பார்த்தாள்.

"சரிம்மா" என்றாள்.

அதுவரை இருவரும் சேர்ந்து காத்திருந்தார்கள். இனி அம்மா காத்திருப்பார். இவள் காத்திருப்பதுபோலப் பேச வேண்டும். தினமும்.

அவள் போனில் எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகும். தம்பி கடைசியாகப் பேசியதும் அப்படித்தான் அவளிடம் இருக்கிறது. அழைப்பு முடிந்ததும் பதிவு சேமிக்கப்பட்டதென்று திரையில் ஒரு வரி வந்து மறைந்ததை நான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு என்னிடம் இருந்த ஸ்டுடியோ சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அவர் தனியாக இருந்தார். டீ போட்டார். புஷ்பம் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். துவைக்கும்போதுகூடப் பாடுவதில்லை என்றேன். அம்மா சொன்னதையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவருக்கு வலிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் தலையைக் குனிந்து முழுதும் கேட்டார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அந்தம்மா சொன்னத யாராச்சும் ரெக்கார்டு பண்ணீங்களா அம்மணி?"

"இல்லீங்ணா."

அவர் நிமிர்ந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொன்ன என் குரலுக்குக் காதைச் சற்றுச் சாய்த்திருந்தார். பிறகு எழுந்து, ஸ்டாண்டோடு ஒரு மைக்கைத் தூக்கிவந்து எனக்கு முன்னால், சரியான தூரத்தில் வைத்தார்.

"இப்பச் சொன்னீங்களே, ‘இல்லீங்ணா’ன்னு. அதையே இன்னொருக்காச் சொல்லுங்க" என்றார் அன்பாக. "அவசரமில்லீங்க."

சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தேன். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுத்தேன். என்ன குரல் வருமோ என்று பயமாக இருந்தது. விரலை நீட்டி முன்னால் காட்டினேன். அவர் எரிச்சலோடு, "வாயத் தொறந்து சொல்லுங்கம்மா" என்றார். பஸ்ஸில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.